தன் விருப்பின் பேரில் அல்ல

மச்சாள்,

நேற்றுப் பின்னேரம் அச்சுக்கூடத்திலிருந்து உங்கள் கல்வெட்டின் ஒப்புத்தாள் பிழை திருத்த வந்தது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வருகிறவர்களுக்குக் கொடுத்தனுப்பப் போகிற சின்னப் புத்தகம். உறையைப் பிரித்தவுடன் ஈரம் காயாத மை மணம் முகத்தில் அடித்தது. நீங்கள் வேலை முடிந்து வந்து கிணற்றடியில் கை கழுவும்போது உங்கள் விரல்களிலிருந்து வரும் ரைப்ரைட்டர் நாடாவின் மணமும் இப்படித்தான் இருக்கும். கொஞ்ச நேரம் தாளை மூக்கோடு வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு வாசித்தேன். வாசித்திருக்கக் கூடாது.

"கொழும்பில் அரச திணைக்களம் ஒன்றில் தட்டெழுத்தாளராகக் கடமையாற்றி, தன் விருப்பின் பேரில் சேவையிலிருந்து விலகி, பிறந்த ஊரில் இறைவழிபாட்டுடன் அமைதியாக வாழ்ந்து வந்தார்."

எழுதியவர் உங்கள் அண்ணை. தன் விருப்பின் பேரிலாம். அமைதியாகவாம். உங்கள் தம்பி, என் மனுஷன், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் கொப்பி திருத்தும் சிவப்புப் பேனையை எடுத்து, அந்த வரிகளைக் குறுக்கே வெட்டி, ஓரத்தில் 'பொய்' என்று எழுதினேன். உங்கள் தம்பி பார்த்துவிட்டு, "உது ஏன் இப்ப? செத்தவீட்டிலை சண்டை வேண்டாம்" என்றார்.

"செத்தவவுக்கு வாயில்லை எண்டுதானே நீங்கள் எல்லாரும் எழுதுறியள்" என்றேன்.

கல்யாணம் முடித்து இத்தனை வருஷத்தில் அவரிடம் நான் அப்படிப் பேசியதில்லை. அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். தாளை வெட்டுக்கொத்தோடு அப்படியே திருப்பி அனுப்பிவிட்டேன். அவர்கள் எதை அச்சடிக்கிறார்களோ எனக்குத் தெரியாது. நடந்ததை யாராவது ஒருவர் நடந்தபடி எழுதி வைக்க வேண்டும். அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் இந்தத் தீவுக்கு, சரவணை ஊரில் உங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தபோது நீங்கள் கொழும்பில் இருந்தீர்கள். வீட்டுக் கூரையில் ஓடு புதிதாக இருந்தது. அது உங்கள் சம்பளம். உங்கள் தம்பி ஆசிரியர் பயிற்சி முடித்திருந்தார். அதுவும் உங்கள் சம்பளம். உங்கள் அண்ணை தெற்கில் கடை எடுத்தபோது கொடுத்த முற்பணத்திலும் பாதி உங்களுடையது என்று மாமிதான் எனக்குச் சொன்னார். மாதம் பிறந்தால் மணியோடர் வரும். மாமி அதை விளக்கடியில் வைத்து எடுப்பார். "எங்கட பிள்ளை ஆம்பிளைப் பிள்ளை மாதிரி" என்று ஊர் சொல்லும். அதைப் பெருமை என்று நினைத்துக்கொண்டுதான் சொன்னார்கள்.

சிங்களம் மட்டும்தான் அரச பாஷை என்று ஐம்பத்தாறில் சட்டம் வந்த அடுத்த வருஷம் வேலைக்குப் போனவர் நீங்கள். குறித்த காலத்துக்குள் சிங்களச் சோதினை பாஸ்பண்ண வேண்டும் என்று எழுதிக்கொடுத்துத்தான் வேலை தந்தார்கள். நீங்கள் தட்டியதோ முழுக்க முழுக்க ஆங்கிலம். முதலில் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. பிறகு சம்பள உயர்வை நிறுத்தினார்கள். கடைசியில் ஒரு நாள் மேசையை ஒப்படைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள்.

நீங்கள் ஒரு தகரப் பெட்டியோடு வந்து இறங்கிய அன்று, நான் கேட்கக்கூடாததைக் கேட்டேன். "அந்தச் சோதினையைச் சும்மா எழுதியிருக்கலாமே மச்சாள்? உங்களுக்குப் பாஷை தெரியும்தானே?"

உங்களுக்குத் தெரியும். நீங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்காரம்மாவின் மகள் விளையாட்டாக உங்களுக்கு எழுத்துச் சொல்லித் தந்திருந்தாள். அந்த வீட்டுக்காரம்மாதான் ஐம்பத்தெட்டுக் கலவரத்தில் உங்களைக் குசினிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, வந்தவர்களோடு வாசலில் நின்று சண்டை பிடித்தவர். அந்தப் பாஷையின் மேல் உங்களுக்கு ஒரு கோபமும் இருந்ததில்லை.

"அந்தப் பிள்ளையோடை ஆசைக்குப் படிச்சனான்" என்றீர்கள். "இவங்கள் படிக்காட்டில் சோறில்லை எண்டு சொன்னாங்கள். அப்பிடிச் சொன்ன பிறகு எனக்கு ஏலாது."

அவ்வளவுதான் சொன்னீர்கள். அதற்கு இந்த வீட்டில் வைத்த பெயர் பிடிவாதம்.

மணியோடர் நின்ற மாதத்திலிருந்து வீட்டின் குரல் மாறியதை நான் குசினிக்குள் இருந்து கேட்டேன். நீங்கள் வரும்போது எழும்பி நின்றவர்கள் எழும்பவில்லை. "நல்ல உத்தியோகத்தை எறிஞ்சுபோட்டு வந்திருக்கிறா" என்று வந்தவர் போனவரெல்லாம் சொன்னார்கள். உங்களுக்குப் பேசி வைத்திருந்த சம்பந்தத்துக்காரர் ஒரு சொல்லும் சொல்லாமல் வேறிடத்தில் முடித்தார்கள். ஒரு வாத்தியார் சம்பளத்தில் நாலு பேர் சாப்பிட வேண்டியிருந்தது. பகலில் மரவள்ளி, இரவில் ஒடியற்கூழ். நான் மூத்தவனை வயிற்றில் வைத்திருந்தேன். நீங்கள் உங்கள் பங்கு மீனை எடுத்து என் சோற்றுக் கோப்பையில் போட்டுவிட்டு, "எனக்கு உது ஒத்துவராது" என்பீர்கள். மீன் ஒத்துவராத தீவு ஆளை நான் கண்டதில்லை மச்சாள்.

சட்டை தைத்துப் பார்த்தீர்கள். தைப்பித்தவர்கள் காசை நாளைக்குத் தருகிறோம் என்றார்கள், சொந்தக்காரர்கள், கேட்கவும் முடியாது. கோழி வளர்த்தீர்கள். ஒரு மாரியில் நோய் வந்து கூடு வெறிச்சோடிப் போனது. செத்த கோழிகளைப் பனையடியில் தாட்டுவிட்டு வந்து விறாந்தையில் இருந்து அழுதீர்கள். அந்த ஒருமுறைதான் நீங்கள் அழுது நான் கண்டது. அடுத்த நாள் காலை காப்பைக் கழற்றிக்கொண்டு யாழ்ப்பாணம் போனீர்கள். பின்னேரம் பஸ்ஸால் இறங்கும்போது கொண்டக்டர் பொடியன் ஒரு பாரத்தை மெல்ல இறக்கி வைத்தான். இறந்துபோன ஒரு பிரக்கிராசி வக்கீலின் வீட்டில் விலைக்கு வந்த பழைய ரைப்ரைட்டர்.

"இதை வைச்சு என்ன செய்யப்போறாய்?" என்று மாமி கேட்டார்.

"ஊர்காவற்துறைக் கோட்டடியிலை இருந்து சனத்துக்குப் பெட்டிசம், மனு எல்லாம் அடிச்சுக் குடுக்கப்போறன், அம்மா."

மாமி தலையில் கை வைத்தார். உங்கள் தம்பி ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாமல் இருப்பது அவருக்கு எப்போதும் கைவந்தது.

நீதிமன்றத்துக்கு எதிரே பூட்டிக்கிடந்த ஒரு கடையின் விறாந்தையை வாடகைக்கு எடுத்தீர்கள். அங்கே அதுவரை பெட்டிசம் எழுதியவர்கள் எல்லாரும் ஆண்கள். முதல் கிழமை உங்களைப் பார்க்க மட்டும்தான் சனம் வந்தது. இரண்டாம் கிழமை ஒரு காலை போனபோது மேசை முழுக்க மீன் குடலும் செதிலும் அப்பிக் கிடந்தது. யார் செய்தது என்று இன்றைக்கும் தெரியாது. நீங்கள் ஒருவரையும் கேட்கவில்லை. பக்கத்துத் தேநீர்க்கடையில் வாளி வாங்கி, துறையடிக்குப் போய்க் கடல் தண்ணீர் அள்ளி வந்து, சேலையைச் செருகிக்கொண்டு மேசையை உரஞ்சிக் கழுவினீர்கள். பிறகு தாளைச் சுழற்றி ஏற்றி, ஒரு வழக்கும் இல்லாமல், வெறுமனே சத்தத்துக்காக மத்தியானம் வரைக்கும் அடித்துக்கொண்டே இருந்தீர்கள். "எல்லாருக்கும் கேக்கட்டும் எண்டு அடிச்சனான்" என்று வந்து சொன்னீர்கள். அன்றைக்கு நாங்கள் இருவரும் சிரித்த சிரிப்பில் மாமி எழும்பி வந்துவிட்டார்.

கோவில் திருவிழாவுக்குத் தெற்கிலிருந்து வந்த உங்கள் அண்ணைக்குக் கதை எட்டியது. வீட்டில் வைத்துக் கேட்டிருக்கலாம். அவர் கோட்டடிக்கே போனார். உங்கள் தம்பியையும் கூட்டிக்கொண்டு போனார். வழக்குக்கு வந்த சனம் பார்த்துக்கொண்டு நிற்க, "எங்கட குடும்பத்துப் பொம்பிளை கோட்டுவாசலிலை குந்தி இருந்து பிழைக்கிறதோ? எழும்படி!" என்று கத்தியிருக்கிறார்.

நீங்கள் எழும்பவில்லை. "அண்ணை, கொழும்பிலை ஆம்பிளையளுக்கு நடுவிலை இருந்து அடிக்கேக்கை உங்கட மானம் போகேல்லை. மாசம் முடிய மணியோடர் வந்தது. உங்கட கடைக் கதவு திறந்தது. இஞ்சை இருந்து அடிக்கேக்கை மட்டும் ஏன் போகுது?"

அவர் ரைப்ரைட்டரைத் தூக்கி எறியக் கை நீட்டினாராம். தேநீர்க்கடைக்காரர் வந்து நடுவில் நின்றாராம். இதை எனக்குச் சொன்னவர் பக்கத்தில் நின்ற உங்கள் தம்பி. "நீங்கள் என்ன செய்தனீங்கள்?" என்று கேட்டேன். அவரும் சனத்தோடு பார்த்துக்கொண்டுதான் நின்றாராம். நீங்கள் படிப்பித்து ஆளாக்கிய மனிதர். அடுத்த நாள் நான் சோற்றுப் பெட்டியைக் கட்டி, மூத்தவனை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, பட்டப்பகலில் பஸ் ஏறி ஊர்காவற்துறைக்கு வந்தேன். எல்லாரும் பார்க்க உங்கள் மேசையில் சோற்றை வைத்தேன். அதன்பிறகு வந்து எழும்பச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.

உங்களை நிலைநிறுத்தியது எழுவைதீவுத் திரேசம்மாவின் கடிதம். திருகோணமலையில் அரசாங்கக் கூலி வேலை செய்த அவளுடைய புருஷன் வேலைத்தலத்தில் விழுந்து செத்துப்போனான். கொஞ்சக் காலத்தில் கொழும்பிலிருந்து ஒரு கடிதம் வந்தது. முழுக்கச் சிங்களம். அவள் அதை ஊர் விதானையிடம் காட்டினாள், பள்ளிக்கூடத்தில் காட்டினாள், மாதா கோவிலில் காட்டினாள். ஒருவருக்கும் விளங்கவில்லை. வள்ளம் ஏறி வந்து, வியர்வையில் நைந்துபோன அந்தத் தாளை உங்கள் முன்னால் வைத்தாள். நீங்கள் வாசித்தீர்கள். நட்ட ஈடு வேண்டுமென்றால் இன்ன திகதிக்குள் பதில் எழுத வேண்டும், இல்லையென்றால் விண்ணப்பக் கோவையை மூடிவிடுவோம் என்று இருந்தது. அந்தத் திகதிக்கு இன்னும் இரண்டே நாள்.

அன்று வீட்டுக்கு வந்தபோது உங்கள் முகம் சிவந்திருந்தது. "எழுதப் படிக்கத் தெரியாத பொம்பிளை. புருஷனும் இல்லை. அவளுக்கு விளங்காத பாஷையிலை எழுதிப்போட்டு, பதில் வரேல்லை எண்டு மூடப் பார்க்கிறாங்கள். இதுக்குப் பேர் கடிதமோ?" என்று குசினியில் நின்று கத்தினீர்கள். தந்தியும் அடித்து, ஆங்கிலத்தில் பதிலும் அனுப்பியிருந்தீர்கள். பதிலின் முடிவில், இனிமேல் இந்தப் பெண்ணுக்கு எழுதுவதானால் தமிழில் எழுதவும் என்று ஒரு வரி சேர்த்திருந்தீர்கள்.

பதில் திரும்பவும் சிங்களத்தில்தான் வந்தது. நீங்கள் திரும்பவும் எழுதினீர்கள். திரேசம்மாவுக்குக் காசு கிடைக்க வருஷம் ஒன்றுக்கு மேல் ஆனது. கிடைத்தது. அதன்பிறகு அனலைதீவு, எழுவைதீவு, மண்டைதீவு என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் விளங்காத கடிதங்கள் உங்கள் மேசைக்கு வந்தன. பாஷை தெரியாது என்று கொழும்பு திருப்பி அனுப்பிய பெண்ணிடம்தான் கொழும்பின் கடிதங்களை வாசிக்கக் கொண்டுவந்தார்கள். இதை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு பற்றுகிறது. நீங்கள் சிரிப்பீர்கள். எனக்குச் சிரிக்க வருவதில்லை.

அந்த மேசையிலிருந்துதான் வீட்டில் திரும்பவும் மூன்று வேளையும் சோறு வெந்தது. மாமியின் வைத்தியம் நடந்தது. என் பிள்ளைகள் படித்தார்கள். கிணற்றுக்குக் கட்டு வந்தது. கழற்றிய காப்பு மட்டும் திரும்ப வரவில்லை. நீங்கள் அதை வாங்க நினைக்கவும் இல்லை.

எழுபத்தேழுக் கலவரத்தில் தெற்கில் உங்கள் அண்ணையின் கடையை எரித்தார்கள். அவர் உடுத்த வேட்டியோடு வந்தார். ஊரே திரண்டு வந்தது. "எல்லாத்தையும் பறிகொடுத்துப்போட்டு நிக்கிறார் பாவம்" என்று நெல் கொண்டுவந்து தந்தவர்களும் உண்டு. தரட்டும், அவருடைய நட்டம் பெரிய நட்டம்தான். நான் கேட்பது ஒன்றுதான். அவரிடமிருந்து பிடுங்கியவர்களும் உங்களிடமிருந்து பிடுங்கியவர்களும் ஒரே காரணத்துக்காகத்தானே பிடுங்கினார்கள்? அவருடையது எப்படி அநியாயம் ஆனது, உங்களுடையது எப்படிப் பிடிவாதம் ஆனது? உங்களுக்கு ஏன் ஒருவரும் ஒரு கொத்து அரிசி கொண்டுவரவில்லை?

அவருக்குச் சோறு போட எனக்குக் கை கூசியது. நீங்கள் பார்த்துவிட்டீர்கள். "போடும்" என்றீர்கள். "பசிச்சு வந்திருக்கிறார். சோறு போடுறது வேறை, மறக்கிறது வேறை. நான் ஒண்டையும் மறக்கேல்லை." அவர் உங்கள் உழைப்பில் இரண்டு வருஷம் சாப்பிட்டார். ஒரு நாளாவது அந்தக் கோட்டடிப் பேச்சுக்கு மன்னிப்புக் கேட்கவில்லை. நீங்கள் எதிர்பார்க்கவும் இல்லை. நான் எதிர்பார்த்துக்கொண்டே இருந்தேன். இப்போதும் எதிர்பார்க்கிறேன்.

நெஞ்சு நோகிறது என்று நீங்கள் சொன்ன அன்றும் மேசைக்குப் போய்விட்டுத்தான் வந்தீர்கள். பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது, அரைவாசியில் நின்ற ஒரு பெட்டிசத்தைப் பற்றித்தான் கவலைப்பட்டீர்கள். அதை நான் அந்த ஆளிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். நிம்மதியாக இருங்கள்.

இன்னொன்று இருக்கிறது. பெட்டிசம் எழுதும் மற்றவர்கள் தாங்கள் கதிரையில் இருப்பார்கள், வந்தவர்கள் நின்றுகொண்டே சொல்ல வேண்டும். உங்கள் விறாந்தையில் மட்டும் இன்னொரு கதிரை இருந்தது. வந்தவர் யாராக இருந்தாலும் அதில் இருந்த பிறகுதான் நீங்கள் விசைகளில் கை வைப்பீர்கள். கீழே குந்தப் போனவர்களைக் கையைப் பிடித்துத் தூக்கி இருத்துவீர்கள். ஏன் என்று கேட்டதற்கு, "நிண்டுகொண்டு கதைச்சால் குரல் தானாக் கெஞ்சும். இருந்து கதைச்சால்தான் ஞாயம் வெளியிலை வரும்" என்றீர்கள்.

போன கிழமை உங்கள் மரணப் பத்திரத்தின் பிரதி எடுக்கப் பதிவுக் கந்தோருக்குப் போனேன். உங்கள் தம்பி போகிறேன் என்றார், நான் விடவில்லை. மேசைக்குப் பின்னால் ஓர் இளம் கிளாக்கர் தலையை நிமிர்த்தாமல் எழுதிக்கொண்டிருந்தார். நான் நின்றேன். கால் உளைய நின்றேன். பிறகு சுவரோரம் கிடந்த கதிரையை இழுத்து, அவருடைய மேசைக்கு முன்னால் போட்டு இருந்தேன். இழுத்த சத்தத்தில் அவர் நிமிர்ந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் மேசை லாச்சியைத் திறந்து ஒரு படிவத்தை என் பக்கம் தள்ளினார்.

"இது சிங்களத்திலை கிடக்கு, தம்பி."

"தமிழ்ப் படிவம் முடிஞ்சுபோச்சுது அம்மா. இதிலை ஆரையும் கொண்டு நிரப்பிக்கொண்டு வாங்கோ."

ஆரையும் கொண்டு. நிரப்பித் தரக்கூடிய ஒரே ஆளின் மரணத்தைப் பற்றித்தான் அந்தப் படிவம். என் குரல் கெஞ்சவில்லை மச்சாள். படிவத்தை அவர் பக்கமே திருப்பித் தள்ளினேன்.

"உள்ளுக்குப் போய்த் தமிழிலை ஒண்டு தேடி எடுத்துக்கொண்டு வாரும். அவசரமில்லை. நான் இருக்கிறன்."