பத்தொன்பது ஆட்டம், ஒரு திருட்டும் இல்லை

ஏப்ரல் 14, 2024, ஞாயிறு

பூசை முடிந்து மாதாகோவிலின் கீழ்த்தளத்தில் காப்பி. டுவேன் வோசன் கரண்டியால் கோப்பையைத் தட்டினான். ஊர் பேஸ்பால் குழுவுக்கு அவன்தான் இப்போது தலைவன். மைதானத்தில், பந்து பிடிக்கும் கேட்சருக்குப் பின்னால் இருக்கும் சுவரில், வெண்கலப் பலகை வைக்கப்போகிறார்களாம். ஜூன் பதினாறு திறப்பு. பலகையில் க்ளீட்டஸ் ராய்ட்டர் என்று பெயர். அதன் கீழே: "1971. இவருக்கு எதிரே ஒருவனும் பேஸ் திருடவில்லை."

எல்லோரும் கைதட்டினார்கள். என் கையில் கேக் இருந்ததால் நான் தட்டவில்லை. பொய். கேக் இல்லாவிட்டாலும் தட்டியிருக்க மாட்டேன்.

க்ளீட்டஸ் என் தங்கை ஆர்லீனின் கணவன், அந்த வருடம் எங்கள் அணியின் கேட்சர். மூன்று நாற்காலி தள்ளித் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். அந்த வருடம் பந்து எறிந்தவன் என் மச்சான் என்று சொல்ல எத்தனை நொடி ஆகும்?

ஏப்ரல் 15

ஐம்பத்து மூன்று வருடமாக இந்த ஊருக்கு இது புரியவில்லை. எனக்காவது ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

முதல் பேஸ் என்ற திட்டில் நிற்கும் எதிரணி ஆள், பந்து எறியும் பிட்சர் எறியத் தொடங்கும் நொடியில் இரண்டாம் பேஸுக்கு ஓடுகிறான். அதுதான் திருட்டு. கேட்சர் பந்தைப் பிடித்து எழுந்து, இரண்டாம் பேஸுக்கு எறிந்து, அவனை அவுட்டாக்கப் பார்க்கிறான். ஊர் பார்ப்பது அந்த எறிதலை மட்டும்தான். ஆனால் ஓடலாமா வேண்டாமா என்று அந்த ஆள் யாரைப் பார்த்து முடிவு செய்கிறான்? கேட்சரையா? கேட்சரை அவன் பார்ப்பதே இல்லை. பிட்சரின் காலைப் பார்க்கிறான்.

நான் இடதுகைக்காரன். முதல் பேஸ் என் முகத்துக்கு நேரே இருக்கும். வலது காலைத் தூக்கினால் பந்து தன் பக்கம் வருமா, மட்டைக்காரன் பக்கம் போகுமா என்று ஓடுகிறவனுக்குத் தெரியக்கூடாது. எவனும் எனக்குச் சொல்லித்தரவில்லை. பால் கறக்கும் கொட்டகையின் ஜன்னல் கண்ணாடியில் என் முழங்காலையே பார்த்துப் பார்த்து இரண்டு குளிர்காலம் பழகினேன். மாடுகள்தான் சாட்சி. ஒரு பந்து இரண்டு எண்ணி எறிவேன். அடுத்தது ஐந்து எண்ணி. அதற்கடுத்தது எறியவே மாட்டேன் — அவன் தொடை மரத்துப்போகும்வரை சும்மா நிற்பேன். மரத்த காலோடு எவன் ஓடுவான்?

இதற்கு வெண்கலம் வார்ப்பார்களா? ஒன்றும் நடக்காமல் பார்த்துக்கொண்டவனுக்கு எந்த ஊரில் பலகை வைத்தார்கள்?

ஏப்ரல் 21

ஞாயிறு சீட்டாட்டத்துக்குப் போகவில்லை. ஆர்லீன் இரண்டு முறை போன் செய்தாள். எடுக்கவில்லை.

ஏப்ரல் 25, வியாழன்

ரோஸெல்லா வீட்டுக்குப் போனேன். அவளுடைய அப்பாதான் அந்தக் காலத்தில் எல்லா ஆட்டத்துக்கும் கணக்கு எழுதியவர். 1971 நோட்டைக் கேட்டேன். அலமாரியில் தேடி எடுத்தாள். ஆனால் கையில் தரவில்லை, மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"பென்சில்ல எழுதினது. எதையும் அழிச்சிடாதீங்க."

"அழிக்கிறவங்க வேற ஆளுங்க. நான் படிக்கத்தான் வந்தேன்."

ஏப்ரல் 27

ரோஸெல்லா கடைசியில் தந்த நோட்டு, மூன்று நாள், பூதக்கண்ணாடியோடு.

மொத்தம் முப்பத்தொரு ஆட்டம். பத்தொன்பதில் நான் பிட்சர். அந்தப் பத்தொன்பதில் திருட்டு: சுழி. ஓடிப் பார்த்து மாட்டியவன்கூட இல்லை, எவனும் ஓடவே இல்லை. முதல் பேஸிலிருந்து கொஞ்சம் தள்ளி நின்றவர்களில் பதினொரு பேரை, மட்டைக்காரனுக்கு எறியாமல் முதல் பேஸுக்கே எறிந்து அவுட்டாக்கியிருக்கிறேன்.

மீதிப் பன்னிரண்டு ஆட்டத்தில் லாம்பர்ட் வோசன் பிட்சர், டுவேனின் அப்பா. அதே க்ளீட்டஸ்தான் கேட்சர். இருபத்திரண்டு பேர் ஓடினார்கள். இருபத்திரண்டு பேரும் போய்ச் சேர்ந்தார்கள்.

ஒருவனும் திருடவில்லையாம்! வெண்கலத்தில் பொய்.

ஏப்ரல் 30, செவ்வாய்

டுவேனின் விதைக் கடைக்கு நோட்டோடு போனேன். சோளவிதை மூட்டை இறக்கிக்கொண்டிருந்தான்.

"மாமா, பலகை வார்க்கக் குடுத்தாச்சு. இப்பப் போய் எழுத்த மாத்துன்னா எப்படி?"

"அது பொய்ங்கிறேன்."

"ஊருக்கு ஒரு கதை வேணும் மாமா. ஒரு கதைக்கு ஒரு ஆள் போதும்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. இந்த இருபத்திரண்டும் யார் எறியும்போது ஓடியது தெரியுமா, உங்க அப்பன் எறியும்போது, என்று சொல்லிவிட்டேன். அவன் முகம் மாறியது. மூட்டையைக் கீழே வைத்தான்.

"செத்தவர இதுல இழுக்காதீங்க."

இழுத்தது தப்புதான். எண்ணிக்கை தப்பில்லை.

பிறகு அவனே சமாதானத்துக்கு வந்தான். திறப்பு விழாவில் ஒரு காட்சி வைத்திருக்கிறானாம். நான் பிட்சர் மேட்டில் நின்று எறிய வேண்டும், இவன் முதல் பேஸிலிருந்து ஓடுவான், க்ளீட்டஸ் பிடித்து இரண்டாம் பேஸுக்கு எறிந்து இவனை அவுட்டாக்குவான். பத்திரிகையிலிருந்து படமெடுக்க வருகிறார்கள். நான் வராவிட்டால் வேறு யாராவது எறிவார்களாம்.

"நான் மெதுவாத்தான் ஓடுவேன் மாமா, பயப்படாதீங்க."

"உன்னால வேற எப்படி ஓட முடியும்?" என்று அவன் வயிற்றைப் பார்த்துக் கேட்டுவிட்டு வந்தேன். பொய்க்குத் துணையாக நாடகம் வேறு. போகமாட்டேன்.

மே 12, ஞாயிறு

இதை எப்படி எழுதுவது. இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். கோபத்தால்தான்.

க்ளீட்டஸ் கார் ஷெட்டில் புல்வெட்டும் இயந்திரத்தைப் பிரித்துப் போட்டிருந்தான். நோட்டை அவன் முன்னால் போட்டுப் படிக்கச் சொன்னேன். கண்ணாடியைக்கூடத் தேடவில்லை.

"எதுக்குப் படிக்கணும்? இருபத்திரண்டு. எனக்கே தெரியும்."

"ஒருத்தனக்கூட நீ பிடிக்கல."

"எப்படிப் பிடிக்கிறது? அந்த வருஷம் என்னால எறியவே முடியாது எர்வின்."

1971 மார்ச்சில், அந்த வருட ஆட்டங்கள் தொடங்கும் முன், ஈன முடியாத மாட்டிடமிருந்து கன்றைச் சங்கிலி கட்டி இழுத்திருக்கிறான். சங்கிலி வழுக்கி, தோள் உள்ளே கிழிந்துவிட்டது. இனி கை தோளுக்கு மேல் போகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அணி மேனேஜருக்குத் தெரிந்தால் அன்றே வெளியே. அவன் அப்பா வீட்டில் மாட்டையும் ஆட்டத்தையும் தவிர அவனுக்கு வேறென்ன இருந்தது? மறைத்துவிட்டான். முந்தைய வருடம் அவன் கைக்கு இருந்த பேரை வைத்தே ஒரு வருடம் ஓட்டினான்.

அப்போது நினைவு வந்தது. அந்த வருடம் ஒவ்வொரு பந்தையும் எனக்குத் திருப்பித் தர, பாதி தூரம் நடந்து வந்து, இடுப்புக்குக் கீழேயிருந்து தட்டிவிடுவான். எனக்கு மூச்சு வாங்க நேரம் தருகிறான் என்று நினைத்தேன். ஆட்டத்துக்கு முன் இரண்டாம் பேஸுக்கு எறிந்து காட்டுவது எல்லாக் கேட்சர்களுக்கும் வழக்கம். அவன் எறியமாட்டான். "தெரிஞ்சவனுக்கு எதுக்குக் காட்டணும்" என்பான். திமிர் என்று நினைத்தோம். எதிரணியும் அப்படித்தான் நினைத்தது.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ பயந்திருப்ப மச்சான். அஞ்சு எண்ண வேண்டிய இடத்துல ரெண்டு எண்ணிட்டு எறிஞ்சிருப்ப. ரெண்டே ஆட்டத்துல நம்ம ரெண்டு பேர் குட்டும் உடைஞ்சிருக்கும்."

பத்தொன்பது ஆட்டம். ஒருவேளை நான் தவறினால் பின்னால் இவன் கை இருக்கிறது என்று நினைத்துத்தான் அத்தனை நிதானமாக நின்றேன். பின்னால் ஒன்றுமே இல்லை. கதவில்லாத வீட்டுக்கு நான் ஒருத்தன் காவல்.

அப்படியானால் பலகைக்கு ஏன் சரி என்றாய் என்று கேட்டேன்.

"யாரு என்னக் கேட்டா? கைதட்டினாங்க. எழுபத்தாறு வயசுல நாலு பேரு கைதட்டினா நல்லாத்தான் இருக்கு."

அப்போ லாம்பர்ட் என்று கேட்டேன். இருபத்திரண்டு திருட்டுக்கும், இன்று அதை மறந்துவிட்ட ஊரே அன்று லாம்பர்ட்டின் மந்தமான காலைத் திட்டியது. நானும் திட்டினேன். அடுத்த வருடம் அவன் ஆட்டத்தையே விட்டுவிட்டான். அதைக் கேட்டதும் க்ளீட்டஸ் இயந்திரத்தின் ஒரு திருகாணியைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

நான் கிளம்பும்போதுதான் சொன்னான்: "விழாவுல எறியச் சொல்றாங்க. கை மார்புக்கு மேல வராது. என்ன பண்ணப் போறேன்னு தெரியல."

மே 13

ஆர்லீனுக்குத் தெரிந்திருக்கிறது. ஐம்பத்து மூன்று வருடம். என் சொந்தத் தங்கைக்கு.

மே 20

இப்போது என் கையில் முழு ஆதாரமும் இருக்கிறது. கீழ்த்தளத்தில் நானும் கரண்டியால் கோப்பையைத் தட்டலாம். எறியவே முடியாத கேட்சரை வைத்துக்கொண்டு பத்தொன்பது ஆட்டம் காத்தவன் நான் என்று சொல்லலாம். இதைவிடப் பெரிய நிரூபணம் ஒரு பிட்சருக்குக் கிடைக்குமா?

மே 26

சொல்லவில்லை. வாய்வரை வந்தது. க்ளீட்டஸ் காப்பியை இடதுகையால் பிடித்துக் குடித்துக்கொண்டிருந்தான். எப்போதுமே இடதுகையால்தான் குடித்திருக்கிறான் போல. நான்தான் பார்க்கவில்லை.

மே 28

டுவேனுக்குப் போன் செய்து, நானே எறிகிறேன் என்றேன். சந்தோஷப்பட்டான். ஏன் சொன்னேன்? க்ளீட்டஸுக்காக இல்லை. அது மட்டும் நிச்சயம்.

ஜூன் 16, ஞாயிறு

இருநூறு பேருக்குமேல் வந்திருந்தார்கள். சாசேஜ் சுடும் புகை மேடு வரைக்கும் வந்தது. பாதிரியார் பலகைக்குத் தீர்த்தம் தெளித்தார். பிறகு எங்களைக் கூப்பிட்டார்கள்.

மேட்டில் நான். எதிரே க்ளீட்டஸ், முகமூடி போட்டு, உட்கார முடியாமல் பாதி குனிந்தபடி. முதல் பேஸில் டுவேன். கூட்டத்தைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டே நாலடி தள்ளி வந்தான். இரண்டாம் பேஸ் பக்கம் கேமராக்காரன் மண்டியிட்டுக் காத்திருந்தான். க்ளீட்டஸ் வலது தோளை ஒருமுறை தேய்த்துக்கொண்டான்.

பந்தை வைத்துக்கொண்டு நின்றேன். ஒன்று. இரண்டு. டுவேன் இன்னொரு அடி வந்தான். மூன்று. நான்கு. "எறிங்க மாமா" என்று சிரித்தான். ஐந்து. வலது காலைத் தூக்கினேன். அவன் இரண்டாம் பேஸைப் பார்த்துத் திரும்பினான்.

முதல் பேஸுக்கு எறிந்தேன்.

அங்கே பந்து பிடிக்க நின்றவன் வாயைப் பிளந்துகொண்டே பிடித்து, டுவேன் முதுகில் தொட்டான். நடுவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கடைசியில் கட்டைவிரலைத் தூக்கி அவுட் என்றார். பீர் கொட்டகையிலிருந்து எவனோ ஒருத்தன் சிரித்தான், பிறகு எல்லோரும்.

"மாமா, அங்க எறியணும்" என்று டுவேன் க்ளீட்டஸைக் காட்டினான். கேமராக்காரன் படம் விழவில்லை, இன்னொரு தடவை செய்யுங்கள் என்றான்.

"எழுபத்தேழு வயசு. இன்னொரு தடவைக்குக் கை கிடையாது" என்றேன். திரும்பி வந்த பந்தைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டேன். க்ளீட்டஸ் வெகுநேரம் முகமூடியைக் கழற்றவில்லை.

நான் எறியும்போது எவனும் திருடியதில்லை. இன்றும் இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

ஜூன் 17

இடதுகை அசையவில்லை. வலதுகையால் சவரம் செய்து மூன்று இடத்தில் வெட்டிக்கொண்டேன். பலகை இன்னும் அங்கேதான் இருக்கிறது, அதே பொய்யோடு.

ஜூன் 18, செவ்வாய்

காலை ஏழு மணிக்கு ஆர்லீன் போன். இந்த முறை எடுத்தேன்.

"அண்ணா, இவரு ஸ்க்ரூடிரைவர எடுத்துக்கிட்டு மைதானத்துக்குப் போயிருக்காரு. பலகைல கீழ ரெண்டு ஸ்க்ரூ கழட்டிட்டாராம், மேல ரெண்டுக்குக் கை எட்டலயாம். நீ போயேன்."

போனேன். வாளியைக் கவிழ்த்து ஏறி நின்று, பழகாத வலதுகையால் மேல் திருகாணிகளோடு அரைமணி நேரம் மல்லுக்கட்டினேன். விழாமல் இருக்க என் பெல்ட்டை க்ளீட்டஸ் பிடித்துக்கொண்டான்.

"ரெண்டு ஸ்க்ரூவுக்கு இவ்வளவு நேரமா?"

"இது என் எறியிற கை இல்ல. வாய மூடு."

பலகை கையில் வரும் நேரம் டுவேனின் வண்டி வந்து நின்றது. யார் செய்த வேலை இது என்று இறங்கும்போதே கத்தினான். என்னைப் பார்த்துத்தான் கத்தினான்.

"கீழ ரெண்டு நான், மேல ரெண்டு அவன்" என்றான் க்ளீட்டஸ். "வா, உக்காரு. உங்கப்பாவப் பத்தி உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

இருவரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அங்கே எனக்கு வேலை இல்லை. பலகையை மடியில் வைத்துக்கொண்டு என் வண்டியில் போய் உட்கார்ந்தேன். நல்ல கனம். க்ளீட்டஸ் தோளைத் தொட்டுக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தான். டுவேன் தொப்பியைக் கழற்றிவிட்டான், தலை நிமிரவே இல்லை. வெகுநேரம் பேசினார்கள்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன். கடைசியில் கண்ணாடியை இறக்கிக் கத்தினேன்.

"பத்தொன்பது ஆட்டம் க்ளீட்டஸ். அதையும் சொல்லு."