அத்தான் ஆறு சொல்லவில்லை, அக்கா

என் செல்லச் சண்டைக்காரி மல்லிகா அக்காவுக்கு,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. இதுவரை உன்னிடம் மனசுக்குள்ளேயே பேசிக்கொண்டிருந்தேன். இன்றைக்கு எழுதியே ஆகவேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை மலையில் உன் புருஷனைத் தொலைத்துவிட்டேன். முழுதாகக் கேட்டுவிட்டு அப்புறம் திட்டு.

வருடக் கடைசி நடையை இந்த முறை விட்டுவிடலாம் என்றுதான் இருந்தோம். நீ இல்லாமல் எவருக்கும் கால் எழவில்லை. காதர் பாய்தான் ரிங்லெட் ஊரில் இருக்கும் தன் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வீடு வீடாக வந்து கிளப்பினார். லெம்பா பெர்த்தாமிலிருந்து ராஜுவும் அவர் மனைவியும் வந்தார்கள். லோரிக்கார சுப்ரா வந்தான். அப்புறம் அத்தானும் நானும். நீ இருந்திருந்தால் பனி கொட்டும் தேசத்துக்குப் புறப்பட்டவள் மாதிரி கையுறை, குல்லா, கம்பளி எல்லாம் மாட்டிக்கொண்டு வந்திருப்பாய். உண்மையிலேயே அன்றைக்கு அத்தனை குளிர். தேயிலைக் காட்டில் கையை நீட்டினால் விரல் தெரியாத அளவுக்கு மூடுபனி.

வழி பிரியும் இடத்திலெல்லாம் ஆள் எண்ண வேண்டும் என்பது நீ போட்ட சட்டம். அவரவர் எண்ணை அவரவர் கத்த வேண்டும். காதர் பாய் ஒன்று, ராஜுவும் அவர் மனைவியும் இரண்டு, மூன்று, சுப்ரா நான்கு, நீ ஐந்து, அத்தான் ஆறு, நான் ஏழு. நீ போன பிறகு ஐந்தை யாருக்கும் கொடுக்க மனசு வரவில்லை. அந்த எண் வரும்போது எல்லோரும் ஒரு மூச்சு நேரம் மௌனமாக இருப்போம் என்று புறப்படும்போது நான்தான் சொன்னேன். எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சரி என்றார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

முதல் பிரிவில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. நான்கு வரை சொன்னார்கள், உனக்காக நின்றோம், அத்தான் கரகரத்த குரலில் ஆறு என்றார். அதன் பிறகு ஏற்றம். பாதி ஏற்றத்தில் அத்தான் குனிந்து, "நீ முன்னால போ செல்வி, ஷூ கயிறு அவுந்துபோச்சு, கட்டிட்டு வரேன்" என்றார். நானும் போய்விட்டேன். ஏன் நிற்கவில்லை? நீயாக இருந்தால் நின்றிருப்பாயே.

தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில் இரண்டாவது பிரிவு. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. பிறகு மௌனம். அது நீண்டுகொண்டே போனது. அத்தான் என் பின்னாலேயே நிற்கிறார், தொண்டை அடைத்து வார்த்தை வரவில்லை என்று நினைத்தேன். அழுகிற மனுஷனைத் திரும்பிப் பார்த்து ஏன் சங்கடப்படுத்த வேண்டும் என்று நானே "ஏழு" என்று கத்தினேன். காதர் பாய் நடக்க ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்து மழையும் பிடித்துக்கொண்டது.

உச்சியில் இருக்கும் தகரக் கூரைக்குக் கீழே போய்ச் சேர்ந்தோம். காதர் பாய் ஆறு கப்பில் டீ ஊற்றினார். ஒரு கப் மிஞ்சியது.

"அண்ணன் எங்கமா?" என்றார்.

சுப்ரா கைப்பேசியை எடுத்துப் பார்த்துவிட்டு, "லைன் இல்லக்கா" என்றான். அந்தச் சரிவு உனக்குத் தெரியும். மழை விழுந்தால் மண் காலடியிலேயே வழுக்கிக்கொண்டு போகும். கீழே ஆறு ஓடுகிறது. வந்த வழியே இறங்கினோம். காதர் பாய் விசில் ஊத, நிறுத்தி நிறுத்திக் காது கொடுத்தோம். மழைச் சத்தம்தான். ஓர் இடத்தில் பாதையின் ஓரம் பெயர்ந்து சரிந்து கிடந்தது. அதைப் பார்த்ததும் ராஜுவின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் உன் பெயரைச் சொல்லிக் கத்தினேன் அக்கா, அவர் பெயரை அல்ல. எதற்கு உன்னைக் கூப்பிட்டேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

பதில் கீழேயிருந்து வந்தது. "இங்க இருக்கேன்."

பாதைக்குக் கீழே தேயிலைச் செடிகளுக்கு இடையில் வாய்க்காலில் கிடந்தார். வலது கால் வீங்கியிருந்தது. உடம்பு முழுக்கச் சேறு, உதடு நீலம் பாரித்திருந்தது. சுப்ரா கயிறு கட்டி இறங்கினான். நானும் பின்னாலேயே உட்கார்ந்து சறுக்கிப் போனேன். பயம் போனதும் எனக்குக் கோபம்தான் வந்தது.

"நாங்க எண்ணுனது கேட்டுச்சா, அத்தான்?"

"கேட்டுச்சு. பின்னாலயே ஏறி வந்தப்ப பாதை ஓரம் பேந்துபோச்சு. பக்கத்துலதான விழுந்து கெடந்தேன்."

"அப்பறம் ஏன் கத்தல? வாயில என்ன கொழுக்கட்டையா?"

நடுங்கிக்கொண்டே என்னைப் பார்த்தார். "நாலு சொன்னாங்க. அடுத்து அவ நேரம்லா. எல்லாரும் அவளுக்காகச் சும்மா நிக்கிறப்ப நான் எப்படிக் கத்துவேன்? முடியட்டும்னு இருந்தேன். அதுக்குள்ள நீ ஏழு சொல்லிட்ட. அப்பறம் கத்துனேன். மழையில யாருக்கும் கேக்கல."

நான் அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்து அழுதேன்.

சுப்ராவும் ராஜுவும் மாற்றி மாற்றி முதுகில் தூக்கி இறக்கினார்கள். ஆஸ்பத்திரியில் கணுக்கால் எலும்பு விரிசல் விட்டிருக்கிறது என்று மாவுக்கட்டுப் போட்டார்கள். இப்போது என் வீட்டுக் கூடத்தில் காலை நீட்டிக்கொண்டு, ரசத்தில் உப்பு போதவில்லை என்று குறை சொல்கிறார். பிழைத்துக்கொண்டார் என்று அப்போதுதான் நம்பினேன்.

நேற்று அவரே பேச்சை எடுத்தார். "இனிமே அவள எண்ண வேணாம் செல்வி." நான் சண்டை போட்டேன். எட்டு மாதத்தில் பொண்டாட்டியை மறந்துவிட்டீர்களா என்றுகூடக் கேட்டுவிட்டேன். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது. அவர் சொன்னதுதான் சரி என்பது ராத்திரி முழுக்கப் புரண்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. காலையில் மன்னிப்புக் கேட்டேன்.

கட்டு அவிழ்த்ததும் மறுபடி போகிறோம். அத்தான்தான் இனி ஐந்து. நான் ஆறு. உன்னைக் கணக்கில் சேர்க்கப் போவதில்லை, அக்கா. இதை எழுதவே கை வரவில்லை, ஆனால் வேறு யாரும் உன்னிடம் சொல்ல மாட்டார்கள். உனக்காக அழ வேண்டியதை வீட்டிலேயே அழுதுவிட்டு வருகிறேன். மலையில் ஒரு குரல் குறைந்தாலும் திரும்பி நடப்பேன். உன் புருஷனை ஒவ்வொரு நடையிலும் பத்திரமாக வீடு கொண்டுவந்து சேர்ப்பேன். இது சத்தியம்.

உன் கூடப்பிறந்தவள்,
செல்வி