தூக்கிய கை

அப்பா,

கொடியில் உங்கள் முழங்கால் பட்டி இன்னும் தொங்குகிறது. எத்தனை தடவை துவைத்தும் தைல வாடை போகவில்லை. இன்று காலை யூனிபார்ம் தாவணியை உருவும்போது அது முகத்தில் உரசியது. உங்கள் காரியம் முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அழுகை வந்திருக்க வேண்டும். எனக்குக் கோபம்தான் வந்தது.

பேரையூர்க் கரிசலில் வெறுங்காலோடு பந்து உதைத்துக்கொண்டிருந்த உங்களை மில் தன் புட்பால் டீமுக்குக் கூட்டிவந்தது. பெயருக்குத் தொழிலாளி, நூலைத் தொட்டதில்லை. கோல் பக்கம் யாரையும் அண்டவிடாத பேக் என்பதற்குத்தான் சம்பளம், வீடு, டீக்கடையில் எழுந்து இடம் கொடுக்கும் மரியாதை. உங்கள் பெரிய வித்தை ஆப்சைடு. எதிராளிக்குப் பந்தை உதைக்குமுன் ஒரு எட்டு முன்னால் வந்துவிடுவீர்கள். அவன் உங்களுக்குப் பின்னால் தனியே மாட்டிக்கொள்வான். உடனே உங்கள் வலது கை மேலே போகும். ரெப்ரி விசில் ஊதுவார். அவன் கோல் போட்டாலும் செல்லாது.

அந்தக் கையை வீட்டுக்கும் கொண்டுவந்தீர்கள். அம்மா தன் அண்ணன் வீட்டுக்குப் போய்வரக் கேட்டால் கை மேலே போகும். பேச்சு அதோடு நிற்கும். வீட்டில் ரெப்ரியும் நீங்கள்தானே. அரையாண்டு லீவில் என்னிடம் சொன்னீர்கள்: "படிச்சது போதும். அத்தை மகனுக்குப் பேசியாச்சு. சித்திரையில கல்யாணம்."

"பத்தாவது பரீட்சை மட்டும் எழுதிக்கிறேன்ப்பா..."

கை மேலே போனது. அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள்.

லீவின் கடைசி நாள் மேட்ச். உங்களுக்குக் காபி பிளாஸ்க் கொண்டுவந்த நான், சுவரோரம் லைப்ரரிப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன். "விசில் கேக்குற வரைக்கும் எவனும் நிக்கக் கூடாதுடா!" என்று கூட ஆடுகிறவர்களை அதட்டிக்கொண்டிருந்தீர்கள். ஆட்டம் முடியப்போகும் நேரம் நீண்ட பந்து ஒன்று வந்தது. ஒரு எட்டு முன்னால் வந்து கையைத் தூக்கினீர்கள். முழங்கால் இழுத்ததோ என்னவோ, அந்த எட்டு பிந்திவிட்டது. விசில் வரவில்லை. எதிர் டீம் பையன் பந்தோடு ஓடிக்கொண்டே இருந்தான். நீங்கள் கையை இறக்காமலே நின்றீர்கள். கோல்.

"அண்ணே, சிம்மக்கல் பஸ்ஸு இங்கிட்டு நிக்காது! கைய இறக்குங்க!" என்று கத்தினான் ஒருவன். மைதானமே சிரித்தது. தரையில் கிடந்த தென்னை மட்டைகளும் கல்லும் உங்கள்மேல் வந்து விழுந்தன. அவர்கள் எல்லோரையும் வெறுத்தேன். ஆனால் எனக்கு ஒன்று தெரிந்துபோனது: அது வெறும் கைதான்.

மறுநாள் காலை பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினேன். வாசலை மறித்துக் கையைத் தூக்கினீர்கள்.

"எங்கிட்டுப் போற?"

"ஸ்கூலுக்கு."

"கைய தூக்கிட்டேன்ல?"

"விசில் ஊதலையேப்பா."

உங்கள் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை. உங்கள் இடது முழங்கால் சரியாக மடங்காது என்பது இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பக்கமாக ஓடினேன். எட்டிப் பிடித்தீர்கள், சடை ரிப்பன்தான் உங்கள் கையில் வந்தது.

அந்த வாரமே மில் உங்களைப் பஞ்சுக் குடோனுக்கு மாற்றியது. அதன்பிறகு என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. குடோனில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த அன்று காலையிலும் என்னைப் பார்க்காமல்தான் செருப்பை மாட்டினீர்கள். அதை நான் மன்னிக்கவில்லை. செத்துப்போனதால் நல்லவராகிவிட்டீர்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் சொல்லவில்லை.

நேற்று பெரியப்பா வந்தார். "தம்பி குடுத்த வாக்கு. சித்திரையிலயே முடிச்சிருவோம்" என்றார். நான் வாயைத் திறந்தேன். அவரும் கையைத் தூக்கினார், உங்கள் அண்ணன்தானே. அடுப்படிக்குப் போகாமல் அம்மா என் பக்கத்தில் நின்றாள்.

இன்று காலை பெரியப்பா வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவருக்கு இரண்டு முழங்காலும் நன்றாகத்தான் இருக்கின்றன. நான் சடையைக் கொண்டையாக முடிந்துகொண்டேன். பையைத் தோளில் மாட்டினேன். இப்போது வகுப்பில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.