சரிவில் நீங்கள் கிடந்த இடம்

மைனி,

காலையில் தார்ப்பாயை உதறி மொட்டை மாடியில் காயப்போட்டேன். மடிப்புக்குள்ளிருந்து இஞ்சிப்புல் வாசனை குப்பென்று வந்தது. அந்தப் புல்லில் ஒரு பொழுது படுத்தெழுந்தால் நாலு நாளைக்குத் தலைமுடியெல்லாம் எலுமிச்சை மணக்குமே, அதே வாசனை. கொடிக்கயிற்றைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். முந்தாநாள் மலைக்குப் போய்விட்டு வந்தோம். யாரோடு என்று கேளுங்கள். உங்கள் வீட்டுக்காரரோடு. என் அண்ணனோடு!

சிரிக்காதீர்கள். மலையில் அட்டை கடிக்கும், வீட்டில் கட்டில் இருக்கும்போது பாறையில் என்ன படுக்கை என்று வருடா வருடம் சாக்குச் சொன்ன அதே ஆள்தான். நீங்களும் சளைக்காமல் கூப்பிடுவீர்கள். மாசியில் அட்டை கிடையாது என்றும் சொல்லிப் பார்ப்பீர்கள். கடைசியில் நாம் இரண்டு பேரும்தான் புளிச்சோறும் உப்பேரியும் கட்டிக்கொண்டு கிளம்புவோம். தாலுகா ஆபீஸ் சர்வேயரும் குழித்துறைக் கோர்ட்டு டைப்பிஸ்டும், அண்ணன் பொண்டாட்டியும் நாத்தனாரும், பை தூக்கிக்கொண்டு மலையேறுவதைப் பார்த்துத் தெருவே கேலி பேசும்.

பஸ்ஸிலேயே சர்வே வரைபட நகலை மடியில் விரித்துவிடுவீர்கள். இதுவரை ரப்பர் தோட்டம், அந்தக் கல்லுக்கு மேலே ஃபாரஸ்ட், நடுவில் இந்தச் சரிவு மட்டும் பாறைப் புறம்போக்கு என்று பென்சில் ஓடும். ஃபாரஸ்ட் கல்லைத் தாண்டி ஓரடி வைக்க என்னை விட்டதில்லை. மற்றபடி சரிவு முழுக்க நம்முடையது. ஆனால் போன வருடம் படுத்த இடத்தில் இந்த வருடம் படுக்கக் கூடாது. காற்று வராத நல்ல இடமாயிற்றே என்று நான் ஒருமுறை அடம்பிடித்தபோது சொன்னீர்கள்: “ஏட்டி, ஒரே எடத்துல ரெண்டு தடவ கெடந்தா மனசு பட்டா கேக்கும்.”

விடிந்ததும் உங்கள் வேலை தொடங்கும். தார்ப்பாய்க்குக் கயிறு கட்ட நகர்த்திய கல்லைப் பழைய குழியிலேயே வைப்பீர்கள். மடங்கிய புல்லைக் குழந்தைக்குத் தலைவாருவதுபோல் விரலால் நிமிர்த்திவிடுவீர்கள். பத்தடி தள்ளிப் போய்த் திரும்பிப் பார்ப்பீர்கள். படுத்த இடம் தெரியவில்லை என்றால் முகத்தில் ஒரு பெருமை. எனக்கோ கட்டன் சாயா ஆறிப்போகிறதே என்று எரிச்சலாக இருக்கும்.

போன சித்திரையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த நீங்கள் எழுந்திருக்கவில்லை. சாம்பலைக் கன்னியாகுமரியில் கரைத்தோம். அண்ணன் அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் கடற்கரைக்குப் போய்விட்டு, போனதைவிட வாடிப்போய்த் திரும்புவான். இந்த மாசி பிறந்ததும் என்னிடம் வந்து நின்றான்.

“கடலப் பாத்தா அவ நெனப்பே வரமாட்டேங்குது. அவளுக்குக் கடலே பிடிக்காதுல்லா. அவ கடைசியா மலையில கெடந்த எடத்த எனக்குக் காட்டித் தருவியா?”

இருபத்தாறு வருடம் கூட வாழ்ந்தவனுக்குப் போய் நிற்க ஓர் இடம் இல்லை. நான் பையை எடுத்தேன்.

மூச்சு வாங்க வாங்க ஏறினான். பாதி வழியில் குனிந்து காலைப் பார்த்துவிட்டு, “அட்டையே இல்லியே” என்றான்.

சரிவு தெரிந்தது. இடம் தெரியவில்லை, மைனி. இரண்டு மழைக்காலம் பெய்து ஓய்ந்திருக்கிறது. புல் இடுப்பளவு நிற்கிறது. பாறைகள் எல்லாம் ஒன்றுபோல் இருக்கின்றன. இங்கும் அங்கும் அலைந்தேன். உங்கள் மேல் கோபம் கோபமாக வந்தது. ஒரு கல்லையாவது புரட்டிப் போட்டுவிட்டு வந்திருக்கக் கூடாதா? திரும்பிப் பார்த்தால் அண்ணன் சரிவின் விளிம்பிலேயே நிற்கிறான். செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருக்கிறான். தெரியாமல் உங்கள் இடத்தை மிதித்துவிடுவோமோ என்று அடியெடுத்து வைக்காமல் நிற்கிறான்.

அதைப் பார்த்த பிறகு என்னால் முடியவில்லை. பக்கத்திலிருந்த ஒரு பாறையின் அடியைக் காட்டினேன்.

“இங்கனதான்.”

வந்து உட்கார்ந்தான். தரையைத் தடவிப் பார்த்தான். “நல்ல எடமாத்தான் பாத்திருக்கா. காத்தே அடிக்கல்ல” என்றான். எந்தப் பக்கம் தலை வைத்திருந்தீர்கள் என்று கேட்டான். கிழக்கே என்றேன். கிழக்கே தலைவைத்துப் படுத்தான். கொஞ்ச நேரத்தில் அவன் தோள் குலுங்கியது. பத்து மாதமாக வராத அழுகை. நான் தார்ப்பாயை எடுத்துக்கொண்டு எட்டப் போய் உட்கார்ந்தேன்.

மறுநாள் இறங்கும்போது அண்ணன் முகம் தெளிந்திருந்தது. அடுத்த மாசிக்கு நீ வரவேண்டாம், எடம் எனக்குத் தெரியும், நானே போய்க்கொள்வேன் என்றான். நானும் சரி என்றேன்.

கோர்ட்டில் எத்தனையோ பேருடைய பொய்யை டைப் அடித்திருக்கிறேன். சொந்தமாக ஒன்றைச் சொல்லிவிட்டு இப்படிச் சுமந்ததில்லை. அண்ணனிடம் இதை ஒருநாளும் திருத்தப்போவதில்லை. அது என்னோடு இருக்கட்டும். உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அடுத்த மாசியில் அவன் தனியாக வந்து அந்தப் பாறையடியில் கிடப்பான். அந்த ஒரு பொழுது மட்டும் நீங்கள் கொஞ்சம் தள்ளி வந்து, அவன் பக்கத்தில் படுத்துக்கொள்ளுங்கள், மைனி.