குளிருதாம் என்று சொன்னேன்

அன்புள்ள குட்டிக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அங்கே நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நானும் அப்பாவும் சுகம், பெரியம்மாதான் சுகமில்லை. பயப்படாதே, உயிருக்கு ஆபத்தில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். பக்கவாதம் என்பது வரை அப்பா உன்னிடம் போனில் சொல்லியிருப்பார், ஆஸ்பத்திரியில் நான் செய்த காரியத்தை அவரிடம்கூடச் சொல்லவில்லை. போனில் என்றால் நீ நடுவில் ஏதாவது கேட்பாய், நான் பேச்சை மாற்றிவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

அவளுக்கு வலது கை கால் விழுந்ததோடு, நாம் எல்லாரும் பேசுகிற இந்த பாஷையும் போய்விட்டது. காய்கறிக்காரரை ஒரு வழி பண்ணிவிட்டு வருகிறவளுக்கு இப்போது அதில் ஒரு வார்த்தைகூட விளங்கவில்லை. மிச்சமிருப்பது சின்ன வயதில் பேசிய நம் சனங்களின் பழைய பாஷை மட்டும். அதில் மடமடவென்று பேசுகிறாள். சிலருக்கு இப்படி ஆவது உண்டு என்று டாக்டர் சொன்னார், யாருக்காவது அது தெரியுமா என்றும் கேட்டார். பஸ் டிப்போ வாட்ச்மேனுக்குத் தெரியும் என்று கேள்விப்பட்டு அப்பா வெயிலில் அலைந்துபோய்ப் பார்த்தார், அந்த மனிதருக்குத் திட்டுவதற்கு மட்டும்தான் தெரியுமாம். நானோ விடுதியில் வளர்ந்தவள், சாப்பிடு, தூங்கு, வா, போ, அவ்வளவுதான் என் கையிருப்பு. நீ ஞாயிறுதோறும் அவளைப் போனில் பிடித்துவைத்து, உன் கூட்டத்தோடு சேர்ந்து அகராதிக்குச் சொல் சேகரித்தபோது, இதைப் பேசி எந்தக் கடையில் சாமான் வாங்கப் போகிறாய் என்று கேலி செய்தேனே, அந்த வாய்தான் இது.

போன புதன்கிழமை மதியம் அவள் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். நர்ஸ் என்னிடம், "கூடப்பொறந்தவங்கதானே, என்ன சொல்றாங்கம்மா?" என்று கேட்டாள். பக்கத்துக் கட்டில்காரர்கள், அவர்களைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள். சொந்த அக்கா பேசுவது எனக்குப் புரியவில்லை என்று எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வேன். "குளிருதாம்" என்றேன். அந்தப் பெண் மின்விசிறியை நிறுத்திவிட்டுப் போர்வை கொண்டுவந்து போர்த்தினாள். பெரியம்மா இல்லை இல்லை என்பதுபோல் தலையை ஆட்டி ஆட்டி மறுபடியும் அதையே சொன்னாள், நானும் விடாமல், இன்னும் குளிருகிறதாம் என்றேன். இரண்டாவது போர்வையைக் கழுத்து வரை இழுத்துவிட்டது நான்தான், குட்டி. தையல் கடையில் ஒரு நூல் பிசகினால் பிரித்துத் தைக்கிறவள் நான், இதை எப்படிப் பிரிப்பேன்.

சாயங்காலம் வந்த நர்ஸ் போர்வையை விலக்கிப் பார்த்தால், டிரிப்ஸ் ஏறுகிற இடது கை முழங்கை வரை வீங்கிக் கிடக்கிறது. ஊசி நரம்பைவிட்டு விலகி மருந்து சதைக்குள் இறங்கியிருக்கிறது. கை வலிக்கிறது, கை வலிக்கிறது என்றுதான் அவள் மதியம் முழுக்கக் கெஞ்சியிருக்கிறாள். யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். வீக்கம் இப்போது வடிந்துவிட்டது, ஆனால் என்னைக் கண்டால் அவள் சுவர் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். நர்ஸிடம் முணுமுணுக்கிறாள், என்னிடம் இல்லை. கூனிக் குறுகிப்போய் உட்கார்ந்திருக்கிறேன்.

நீ முன்பே அனுப்பியும் நான் திறந்து பார்க்காத அந்தப் பாஷைப் பாடங்களை இன்னொரு முறை அனுப்பு. பெரிய பாடமெல்லாம் இப்போது வேண்டாம், எங்கே வலிக்கிறது, தண்ணீர் வேண்டுமா, நான் இங்கேதான் இருக்கிறேன், இவற்றை உன் குரலில் நிதானமாகச் சொல்லி அனுப்பு. கட்டிலோரம் உட்கார்ந்து நெட்டுருப் போடுகிறேன், வார்டே சிரித்தாலும் சரி. வேலை வேலை என்று பட்டினி கிடக்காதே, ஈரத் தலையோடு வெளியே போகாதே. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். நீங்கள் இருவரும் எந்தக் குறையும் இல்லாமல் நீடூழி வாழ வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் கூப்பிடு. என்னோடு பேச வேண்டாம், எடுத்ததும் போனை அவள் காதில் வைத்துவிடுவேன்.

இப்படிக்கு,
உன் அம்மா

பி.கு.: அவளிடம் பேசும்போது, குளிருகிறது என்று சொன்னது நான்தான் என்பதையும் சொல்லிவிடு. மன்னிப்புக் கேட்க எனக்கு அவள் பாஷையில் ஒரு வார்த்தைகூடத் தெரியவில்லை, எனக்காக நீ கேள்.