போர்க்களத் தையல்

மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நலமா என்று கேட்கவில்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய் என்பது உன் படத்தைப் பார்த்தாலே தெரிகிறது. கோட்டு மாட்டிக்கொண்டு, கண்காட்சியில் முதல் பரிசு வாங்கிய ராணுவ ஹெல்மெட்டைக் கைக்குழந்தை மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நிற்கிறாய். உன் தங்கைதான் போனில் காட்டினாள். "அண்ணனுக்குப் பரிசும்மா, பாரேன்" என்று சந்தோஷமாகத்தான் காட்டினாள், பாவம்.

போனில் கேட்காமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனில் கேட்டால் "அம்மா, மீட்டிங்ல இருக்கேன்" என்று வைத்துவிடுவாய். இல்லாவிட்டால் நான் கத்துவேன், அது அப்பா காதில் விழும். காகிதம் என்றால் நீ குறுக்கே பேச முடியாது. ஒழுங்காக உட்கார்ந்து முழுவதும் படி.

பரிசுப் படத்துக்குக் கீழே வேறு படங்களும் போட்டிருந்தாய். ஹெல்மெட்டைக் கவிழ்த்து உள்பக்கத்தைக் காட்டும் படம் ஒன்று. தலையைச் சுற்றி வரும் உள்தோல், அதிலிருந்து உச்சிக்குப் போகும் தோல் நாக்குகள், அவற்றைச் சேர்த்துக் கட்டிய கயிறு. உன் தங்கை விரலை வைத்துப் பெரிதாக்கினாள். ஒரு நாக்கின் அடியில் நீல நூலில் ஒரு தையல். அதற்கு நீ எழுதியிருந்ததை அவளே படித்தாள்: "போர்க்களத்தில் ஒரு சிப்பாய் தன் கையாலேயே போட்ட தையல். இப்படி ஒன்று கிடைப்பது மிகவும் அபூர்வம்."

போர்க்களமாம்! அடப்பாவி, அது நம் வீட்டுச் சமையலறையடா! அந்தச் சிப்பாய் நான்தான்!

நான் இடக்கைக்காரி. மற்றவர்கள் தைத்தால் ஒரு பக்கம் சாயும் தையல், நான் தைத்தால் மறுபக்கம் சாயும். எத்தனை பேருக்குச் சட்டை தைத்திருக்கிறேன், எத்தனை பேர் அதைச் சொல்லிக் கேலி செய்திருக்கிறார்கள். என் தையலை எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். ஏனென்றால் அந்தத் தோலைக் கிழித்த மகாராசனே நீதான். பூனைக்குட்டிக்கு ஊஞ்சல் கட்டுகிறேன் என்று அப்பாவின் ஹெல்மெட்டை ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டாய். நாக்கு அறுந்து பூனையும் விழுந்தது, ஹெல்மெட்டும் விழுந்தது. அப்பா வருவதற்குள் தைத்துக் கொடு என்று என் காலைக் கட்டிக்கொண்டு அழுதாய். அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. உன் பள்ளிக்கூடச் சட்டைக்கு வைத்திருந்த நீல நூல்தான் கைக்கு அகப்பட்டது. அவர் வந்து பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிட்டார். "என்ன, நம்ம தையல்காரம்மா கைவரிசையா?" என்று சிரித்தாரே தவிர, உன்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. எல்லாம் மறந்துபோயிற்றா உனக்கு?

அந்த மனிதர் போர்க்களத்தையே பார்த்ததில்லை. உருளைக்கிழங்கு மூட்டையும் கம்பளியும் ஏற்றிக்கொண்டு மலைப் பாதையில் லாரி ஓட்டினார். படையில் அவருக்குக் கொடுத்த ஹெல்மெட்டே பழைய சரக்கு. அதையும் கழித்துப் போட்டபோது கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். நாம் எத்தனை வீடு மாறினோம். ஒவ்வொரு தடவையும் அது அவர் மடியில்தான் வந்தது. எவரிடமும் கொடுக்காதவர், போன தடவை நீ வந்து "துரு ஏறுதுப்பா, குடுங்க, சுத்தம் பண்ணி அனுப்பறேன்" என்றதும் கொடுத்தார். பெற்ற பிள்ளையிடம் ரசீது எழுதி வாங்கிக்கொண்டா கொடுப்பார்கள்?

அதே சமயத்தில்தான் நீ உன் தங்கையிடம் புலம்பியிருக்கிறாய். ஏதோ அபூர்வமான ஹெல்மெட் வாங்கினாயாம். மேலே உள்ள இரும்பு அருமையாக இருக்கிறதாம், உள்ளே ஒன்றுமே இல்லையாம். அந்தக் காலத்து அசல் உள்தோல் குதிரைக்கொம்பாக இருக்கிறதாம். தேடாத இடமில்லையாம். அவளுக்கும் உறைக்கவில்லை, எனக்கும் உறைக்கவில்லை. வேலியே பயிரை மேயும் என்று யார் கண்டது?

நீ அனுப்பிய ஹெல்மெட் பளபளவென்று வந்து சேர்ந்தது. அப்பா தலையில் வைத்தார். கழற்றினார். மறுபடியும் வைத்தார். "இது என்னுது இல்ல" என்றார். விளிம்பில் அவர் ஆணியால் கீறிய எண்ணை நான் காட்டினேன். "மேல இருக்கிறது என்னுதுதான். உள்ள இருக்கிறதுதான் வேற யாருதோ" என்றார். நான் சிரித்தேன். உன் தங்கையும் சிரித்தாள். மறுநாளும் அதையே சொன்னார். அதற்கு மறுநாளும். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, ஹெல்மெட்டை மடியில் வைத்து, தோலைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்திப் பார்ப்பார். பால் கொண்டுவருகிறவரிடம் சொன்னார், மேல்வீட்டுக்காரரிடம் சொன்னார். நெற்றியில் பழுப்பாகக் கறை படிந்திருந்தது. "எங்க போய் எதுல முட்டிக்கிட்டு வந்தீங்க?" என்று அவரைத்தான் அதட்டித் துடைத்துவிட்டேன். அது நீ தேய்த்த பூட்ஸ் பாலிஷ் என்று எனக்கு எப்படித் தெரியும்? புதுத் தோலை டீத்தண்ணீரில் ஊறவைத்து, பாலிஷ் தேய்த்து, வெயிலில் போட்டுப் பழசாக்குவது எப்படி என்று நீயே பாடம் எழுதிப் போட்டிருக்கிறாய், உன் தங்கை இப்போதுதான் படித்துக் காட்டினாள்.

பயந்துபோய்த்தான் டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போனோம். என்ன தொந்தரவு என்று டாக்டர் கேட்டார். அப்பா தலையைத் தொட்டுக் காட்டி, "உள்ள இருக்கிறது என்னுது இல்ல டாக்டர். யாரோ மாத்திட்டாங்க" என்றார். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். ஹெல்மெட்டைப் பற்றிச் சொல்கிறார் என்று நான்தான் விளக்கினேன். மேசைமேல் போன் இருந்தது, அதில் நீ இருந்தாய். ஹெல்மெட்டில் எதையாவது மாற்றினீர்களா என்று டாக்டர் உன்னிடமே கேட்டார். நீ என்ன சொன்னாய்? "துருவைத் துடைச்சு பெயின்ட் அடிச்சேன் டாக்டர், அவ்வளவுதான். வேற எதையும் தொடல. அப்பா கொஞ்ச நாளாவே இப்படித்தான் பேசறார்" என்றாய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்கள் உண்டு. நீ உன்னைப் பெற்ற தகப்பனையே மறைத்தாய். அவர் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவருக்கு மறதி இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடுவார். அடுப்பை அணைக்க மறப்பார். அது மறதி. பைத்தியம் இல்லை.

டாக்டர் கொடுத்த மாத்திரையில் பகலெல்லாம் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார். கரண்டி பிடித்தால் கை நடுங்குகிறது. ஒரு நாள் அவரே ஸ்டூல் போட்டு ஏறி, ஹெல்மெட்டைப் பரண்மேல் வைத்துவிட்டார். "எனக்குத்தான் என்னமோ ஆயிடுச்சு போல" என்றார். உன்னிடம் சொல்லி அழுதேன். நீ என்ன செய்தாய்? "வீட்ல வச்சுப் பாக்க முடியாதும்மா, நல்ல முதியோர் இல்லமா பாத்துருக்கேன்" என்று அடுத்த வாரமே இடம் பிடித்துவிட்டாய். வருகிற திங்கட்கிழமை அங்கே கட்டில் காலியாகிறதாம். அவரை அனுப்பிவிட்டால் அந்தத் தோலைப் பற்றிக் கேட்க ஆள் இருக்காது என்று கணக்குப் போட்டாயா? இல்லை, பொய்யைச் சொல்லிச் சொல்லி நீயே அதை நம்பிவிட்டாயா? உன்னை வயிற்றில் சுமந்த எனக்கே தெரியவில்லை.

உன் படத்தைப் பார்த்ததும் பரணில் ஏறி அதை இறக்கினேன். ஈரத் துணியால் உள்தோலை ஒரு துடை துடைத்தேன். துணி பழுப்பானது, அடியில் புதுத் தோல் வெளுப்பாகத் தெரிந்தது. எல்லா நாக்குகளையும் புரட்டிப் பார்த்தேன். என் தையல் எதிலும் இல்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

டாக்டரிடம் போய்ப் படத்தையும் துணியையும் காட்டினேன். அந்த மனிதர் தான் எழுதி வைத்திருந்ததைத் திரும்ப எடுத்துப் படித்தார், முகம் மாறிப்போயிற்று. மாத்திரையைக் குறைத்தார். "ஆனா இப்ப அவரே தனக்குப் புத்தி சரியில்லன்னு நம்பறாரும்மா. நாம சொன்னா ஆறுதலுக்குச் சொல்றதா நினைப்பார். மாத்தினவர் வாயால சொன்னாத்தான் சரியா இருக்கும்" என்றார்.

நான் அவர் பேச்சைக் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் நானே எல்லாவற்றையும் சொன்னேன், படத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். விரல் நேராக அந்த நீல நூலில் போய் நின்றது. இப்போது கத்துவார் என்று நினைத்தேன். கத்தட்டும் என்றுதான் காத்திருந்தேன். போனை என்னிடம் திருப்பிக் கொடுத்து, "உன் தையல் மாதிரி இருக்கு. ஆனா உன்னுது இல்ல" என்றார். "என் தையல் எனக்குத் தெரியாதா? அவன் எடுத்துட்டான், உங்க பிள்ளைதான் எடுத்துட்டான்" என்று நான்தான் கத்தினேன். அவர் எழுந்து போய் அலமாரியைத் திறந்து, இல்லத்துக்கு எடுத்துப் போக வேண்டிய சட்டைகளை ஒவ்வொன்றாக மடித்துப் பையில் வைத்தார். என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "அவன் திருடினான்னு நாலு பேர் சொல்றதுக்கு, இந்தக் கிழவனுக்குப் புத்தி கெட்டுப்போச்சுன்னு என்னைச் சொல்லிட்டுப் போகட்டுமே. எனக்கென்ன, வயசாயிடுச்சு."

படித்தாயா? இன்னொரு தடவை படி.

அந்தத் தோலைக் கழற்றி எடுத்துக்கொண்டு கிளம்பு. பரிசு கொடுத்தவர்களிடம் என்ன சொல்வாயோ, கோட்டுப் போட்ட நண்பர்கள் எப்படிச் சிரிப்பார்களோ, எனக்குக் கவலையில்லை. பார்சலில் அனுப்பினால் வாசலோடு திருப்பி அனுப்புவேன். நீதான் வர வேண்டும், ஞாயிற்றுக்கிழமைக்குள். அவருக்கு எதிரே உட்கார்ந்து, "நான்தாம்பா மாத்தினேன், நீங்க சொன்னது சரி" என்று அவர் காதில் விழும்படி சொல்ல வேண்டும். பிறகு டாக்டரிடமும் வந்து சொல்ல வேண்டும். வந்தால் அம்மா திட்டமாட்டாள் என்று நினைக்காதே. வாசலிலேயே ஆரம்பிப்பேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அப்பா வந்து யாருக்கு என்று கேட்டார். உனக்கு என்றேன். என்ன எழுதுகிறேன் என்று கேட்கவில்லை. சற்று நின்றுவிட்டு, "நல்லா இருக்கணும்னு நான் சொன்னதா எழுது" என்றார்.

எழுதிவிட்டேன். அது அவருடையது. என்னுடையது வேண்டுமானால் நேரில் வந்து வாங்கிக்கொள்.

இப்படிக்கு,
உன் அம்மா