தூத்துக்குடியில் ஒன்பது நாள்

கம்பளிப் போர்வை எடுப்பதற்காக இன்று காலை பழுப்புப் பெட்டியைத் திறந்தேன். உன் நீலகிரித் தைல வாசனை வந்தது. மார்கழி பிறந்துவிட்டது. எதிர் வரிசைக் குவார்ட்டர்ஸ் பனியில் தெரியவில்லை. இப்படிப்பட்ட காலைகளில்தான் நீ மூச்சுக்குத் தவிப்பாய். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும்.

என் மகனுக்கும் உன் மகளுக்கும் அடுத்தடுத்த வீடு கிடைத்ததால் பழகியவர்கள் நாம். நான் கான்வென்டில் படித்தவள். நீ கம்மாபுரம் பக்கம் நாற்று நட்டவள். இருவருக்கும் கணவர் இல்லை. இந்த பிளாக்கில் என்னிடம் பயப்படாதவள் நீ ஒருத்திதான். நான் துணி மடிப்பதைப் பார்த்து, "இன்னாக்கா, ஸ்கேல் எடுத்தாரட்டா?" என்பாய்.

போன வருஷம், பனிக்காலம் முழுவதும் கடலோரமாக, வெதுவெதுப்பான ஊரில் இருக்கச் சொன்னார் டாக்டர். தனியாகப் போகமாட்டேன் என்றாய். தூத்துக்குடியில் ஒரு மாடி வீட்டை இரண்டு மாதத்துக்குப் பிடித்து, நானே உன்னை அழைத்துப் போனேன்.

முதல் வாரம் எவ்வளவு நன்றாக இருந்தாய்! மூன்று தலையணை வைத்துச் சாய்ந்தே உறங்குகிறவள், ஒன்றோடு நீட்டிப் படுத்தாய். மாலையில் கடற்கரை வரை நடந்தாய். பாதி வழியில் உட்கார்ந்தது நான்தான்.

எட்டாம் நாள் வீட்டுக்கார அம்மாள் மாடிக்கு வந்தாள். பேச்சுவாக்கில் நாம் என்ன ஆட்கள் என்று கேட்டாள். நீ முந்திக்கொண்டாய்.

"அக்கா தங்கச்சிங்க."

பொய் சொன்னால் கான்வென்டில் மதர் எங்களை முழங்காலில் நிறுத்துவார். அதனால்தான் திருத்தினேன் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். அது காரணமில்லை. உன்னை என் தங்கை என்று ஒருவர் எண்ணுவதில் எனக்குக் கூச்சம்.

"இல்லை, பக்கத்து வீட்டுக்காரர்கள்" என்றேன்.

உடனே அவள் உன்னிடம் திரும்பி ஊரைக் கேட்டாள், பிறகு தெருவைக் கேட்டாள். காலனித் தெரு என்றாய். நீ மறைக்கவில்லை.

அன்று வரை அவள் வீட்டிலிருந்து நம் இருவருக்கும் எவர்சில்வர் டம்ளரில்தான் காபி வரும். மறுநாள் காலை எனக்கு டம்ளர், உனக்குக் காகிதக் கப். நீ கப்பைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாய். நான் காபியைக் குடித்தேன். சர்க்கரை அதிகம் என்று மட்டும் சொன்னேன்.

அன்று மாலையே பையைக் கட்டினாய்.

"கடக்காத்து எனக்கு ஒத்துக்கலக்கா. நீங்க இருந்துகினு வாங்க."

வேறு வீடு பார்ப்போம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த ஊரில் வீட்டுக்கா பஞ்சம்? சொன்னால், நான் அதைக் கவனித்தேன் என்று ஆகிவிடும். நானும் பெட்டியை அடுக்கினேன். பஸ்ஸில் உனக்கு ஜன்னலைச் சாத்திவிட்டேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

இங்கே பனி கொட்டிக்கொண்டிருந்தது. தை முடியுமுன் நீ போய்விட்டாய்.

காரியம் முடிந்த அன்று உன் மகள் என் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். "ஆன்ட்டி, போன்ல நல்லா இருக்கேன்னுதானே அம்மா சொன்னாங்க. அப்புறம் ஏன் பாதியிலேயே வந்துட்டீங்க?"

நீ சொன்னதையே நானும் சொன்னேன். கடல் காற்று ஒத்துக்கொள்ளவில்லையாம் என்றேன். அவள் நம்பினாள். அக்கா பொய்யே பேசமாட்டாங்க என்று அவளிடம் நீதானே சொல்லி வைத்திருந்தாய்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் எனக்குக் குழம்பு கொண்டுவருகிறாள். வாங்கிக்கொள்கிறேன். இன்னும் சொல்லவில்லை.